கோர்ட்டு கலையும் வரை

அசன் மைதீன் மராமத்து இலாகாவில் சப் டிவிஷன் அதிகாரியாக அம்பாசமுத்திரம் பக்கம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்த ஓவர்சியர் பெர்கின்ஸ் அந்த ஒரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவரைக் கண்டு நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்காரன் ராஜ்யம். மேலப்பாளையத்தில் தறி போட்டுப் பிழைத்த குடும்பத்திலிருந்து கிண்டிக்குப் போய் என்ஜினீயரிங் படித்துத் திரும்பியவர் அசன் மைதீன். கோட்டும் துருக்கித் தொப்பியுமாக அவர் ஜட்காவில் போனால் திருநெல்வேலி டவுண் ரதவீதியில் ஜவுளிக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பெர்கின்ஸ் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்தவன். ஜெர்மன் சண்டை முடிந்ததும் சீமைக்குத் திரும்பாமல் இலாகாவில் ஒட்டிக்கொண்டவன். மேலே இருப்பவர் மேலப்பாளையத்துக்காரர், கீழே இருப்பவன் வெள்ளைக்காரன். இலாகா விதிப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த விதியைப் பெர்கின்ஸும் நம்பவில்லை, பாளையங்கோட்டையில் இருந்த மேலதிகாரி பெரிய துரையும் நம்பவில்லை, அலுவலகத்துப் பியூன்கூட நம்பவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தால் அவன் முதலில் போவது பெர்கின்ஸ் மேஜைக்குத்தான்.

பெர்கின்ஸ் வேலை தெரியாதவன் அல்ல. அதுதான் அசன் மைதீனுக்கு இன்னும் எரிச்சல். வெள்ளம் வந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மதகுப் பலகையைப் போடுவான். குடை பிடித்துக்கொண்டு கரையில் நிற்கிற ரகம் இல்லை. ஆனால் மேலதிகாரி போட்ட உத்தரவு மட்டும் அவன் காதுக்குப் போய்ச் சேராது. ஒரு மதகைத் திறக்காதே என்றால் திறந்துவிட்டுப் பிறகு சொல்வான். ஏன் என்று கேட்டால், "துரையிடம் பேசிவிட்டேன், மிஸ்டர் மைதீன்" என்பான். சனிக்கிழமை ஆனால் பெரிய துரையோடு மலைப்பக்கம் மிளா வேட்டைக்குப் போகிறவன். பேசாமலா இருந்திருப்பான்?

ஒரு தடவை அசன் மைதீன் கொட்டுகிற மழையில் ஆற்றங்கரையில் அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்தது இரண்டே அறை. ஒன்றில் பெர்கின்ஸ் படுத்திருந்தான். இன்னொன்றில் அவனுடைய துப்பாக்கியும் பூட்ஸும் இருந்தன. காவல்காரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எழுப்பச் சொல்லலாமா என்று யோசித்து, கடைசியில் வராந்தாவில் கிடந்த பிரம்பு நாற்காலியில் ஈரக் கோட்டோடு உட்கார்ந்தே விடிய வைத்தார். காலையில் பெர்கின்ஸ் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்து, "நல்ல தூக்கமா, மிஸ்டர் மைதீன்?" என்று கேட்டான். அன்றைக்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாத பதில்கள் அப்படி ஒரு வருஷமாக அவருக்குள் கிடந்து புளித்துக்கொண்டிருந்தன.

பெரிய கிளார்க் திருஞானசம்பந்தம் இலாகாவிலேயே தலை நரைத்தவர். அவர் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "சார், இது கழுத்துல விழுந்த பாம்பு. பைய எறங்கிப் போகட்டும்னு மூச்சைப் புடிச்சிக்கிட்டு இருக்கணும். ஒதறப் போனீங்கன்னா கொத்திப்போடும்."

"எத்தனை நாளைக்கு மூச்சைப் பிடிக்கிறது?"

"நான் பென்ஷன் வரைக்கும் புடிச்சிட்டேன், சார்" என்றார் திருஞானசம்பந்தம்.

ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து வடகரைக் கால்வாயின் கரை உடைந்துபோயிற்று. பிசானப் பருவத்து நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கிற நேரம். வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் உடைப்பு வழியாக ஆற்றுக்கே திரும்பி ஓடியது. உடைப்பை அடைக்கச் சங்கிலிபூதத்தான் என்ற மேஸ்திரி, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். ஆண்கள் பனைத்தடியை வரிசையாக அடித்து இறக்கினார்கள். பெண்கள் ஓலைப்பெட்டியில் மண் சுமந்து வந்து கொட்டினார்கள். வேலையைப் பெர்கின்ஸ் கவனித்தான். கையில் எப்போதும் ஒரு பிரம்பு.

மண் சுமந்தவர்களில் இசக்கியம்மா என்று ஒருத்தி. முப்பது வயது இருக்கும். வாய்க்காரி. கூலி கொடுக்கிற மேஸ்திரியையே "ஏலே பூதத்தான்" என்று கூப்பிடுகிறவள். மத்தியானக் கஞ்சிக்கு ஆட்கள் உட்காரப்போன சமயம், பெர்கின்ஸ் தன் தமிழில் கத்தினான். "ஜல்தி ஜல்தி. நீ சோம்பேறி. நீ போ." கத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பினான். இசக்கியம்மா பெட்டியை இறக்கி வைத்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கையில் ஒரு விளாறை எடுத்துக்கொண்டு, அவனைப் போலவே காலை அகட்டி நடந்து காட்டினாள். "சல்தி சல்தி. நீ சோம்பேறி. நீ போ."

கரை முழுக்கச் சிரித்தது. மறுகரையில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்த அசன் மைதீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெர்கின்ஸ் திரும்பினான். அவனும் சிரிக்கப்போகிறான் என்றுதான் அவர் நினைத்தார். அவன் நிதானமாக நடந்து வந்து பிரம்பை அவள் முகத்தில் வீசினான். அடுத்த அடி, தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகும் ஒரு அடி அடித்தான்.

அசன் மைதீனின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதைத் துடைத்துப் போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பனந்தடிப் பாலத்தைக் கடந்து அவர் இந்தக் கரைக்கு வருவதற்குள் ஆட்கள் பெட்டியையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு மருத மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இசக்கியம்மாவின் இடது புருவம் பிளந்து கண் மூடிப்போயிருந்தது. யாரோ ஈரத்துணியை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பெர்கின்ஸ் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அடித்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"திமிர் பேசினாள். பட்டாளமாக இருந்தால் வைத்தியமே வேறு." அவன் புகையை விட்டான். "நீங்கள் கொஞ்சம் இளகிய மனசுக்காரர், மிஸ்டர் மைதீன். அதனால்தான் இவர்கள் தலைமேல் ஏறுகிறார்கள்."

"இப்போதே இந்த வேலையை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போங்கள். இது உத்தரவு."

"எழுத்தில் கொடுங்கள். சனிக்கிழமை துரையிடம் காட்டுகிறேன். காட்டுக்குள் சிரிக்க எங்களுக்கும் ஏதாவது வேண்டும்."

அசன் மைதீன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவன் இடத்தை விட்டு அசையவில்லை. அவர்தான் திரும்பி நடந்தார்.

சாயங்காலத்துக்குள் நிலக்காரர்கள் வந்துவிட்டார்கள். பயிர் காயுதே, கூலியாட்களைக் கூப்பிடுங்க, ஒரு அடிக்கு இத்தனை ரகளையா என்று ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். அடிபட்டவள் பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் பாளையங்கோட்டையிலிருந்து அழைப்பு வந்தது.

பெரிய துரை மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலி போடச் சொன்னார், தேநீர் கொடுத்தார். பிறகு பாடம் நடத்தினார்.

"மைதீன், கீழே இருப்பவனைக் கையாளத் தெரிந்தால்தான் அதிகாரி. பெர்கின்ஸ் முரடன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலைக்காரன். தட்டிக்கொடுத்து வேலை வாங்க வேண்டும். அவனோடு மல்லுக்கு நின்று என்ன லாபம்? அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுத்து அனுப்புங்கள். கூலிகள் திரும்பி வரட்டும். உடைப்பு அடைபடவில்லையென்றால் பேர் கெடுவது உங்களுக்குத்தான், அவனுக்கில்லை."

"அவன் அடித்தது குற்றம், சார்."

துரை தேநீரைக் கலக்கினார். "நீங்கள் மறுகரையில் அல்லவா நின்றீர்கள்? அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரிந்திருக்கும்?"

அசன் மைதீன் வாய் திறக்கவில்லை. துரை தலையை ஆட்டி, "அதுதானே" என்று சொல்லிவிட்டு வேறு கால்வாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வீட்டில் அவருடைய மனைவி அலிமா பீவி சோறு போட்டாள். பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னார். பெர்கின்ஸைத் திட்டினார், துரையைத் திட்டினார், நிலக்காரர்களைத் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தொரை கேட்டப்ப நீங்க சும்மா இருந்தியளாக்கும்?" என்றாள். அவர் சோற்றை மறுபடி பிசைந்தார். "அப்ப இங்கன உக்காந்து ஏசி என்ன பிரயோசனம்? அவனுவ காதுல விழவா போவுது?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது அவருக்கு ஆத்திரத்தைத்தான் கூட்டியது. அவளிடம் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பதால் அந்த ஆத்திரம் எங்கும் போக வழியில்லாமல் நெஞ்சிலேயே நின்றது.

ஆனாலும் காலையில் துரை சொன்னபடிதான் செய்தார். மருத மரத்தடிக்குப் போனார். மேஸ்திரி எழுந்து துண்டைக் கையில் எடுத்தான். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. இலாகா சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும், வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்வதாகவும், எல்லோரும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போதே தன் குரல் துரையின் குரல் மாதிரி மெதுவாக, பதவிசாக ஒலிப்பது அவருக்கே கேட்டது.

இசக்கியம்மா கட்டுப்போட்ட முகத்தைத் தூக்கினாள். "நீங்க எதுக்கு எசமான் மன்னிப்பு கேக்கிய? நீங்களா அடிச்சிய?"

"இல்ல..."

"அடிச்சவன் அந்தா நிக்கான். வைத்தியச் செலவ அவன் மூஞ்சில எறிங்க. நான் கோர்ட்டுக்குப் போவப்போறேன்."

சங்கிலிபூதத்தான் குறுக்கே வந்தான். "ஏ இசக்கி, சும்மா கெட. வெள்ளக்காரன் மேல பிராது குடுத்தா யாரு சாட்சி சொல்லுவா?"

"இவ்வளவு பேரு பாத்தோமே."

"நம்ம சொல்லுதது எடுபடுமா, ஏட்டீ?"

அவள் அசன் மைதீனைப் பார்த்தாள். திறந்திருந்த ஒரு கண்ணால் பார்த்தாள். "நீங்க அக்கரையில நின்னிய. பாத்தியளா, இல்லியா?"

நேற்றுத் துரை கேட்டதும் அதேதான். ஆனால் துரை பதிலையும் சேர்த்துக் கையில் கொடுத்திருந்தார். இவள் கேள்வியை மட்டும் வைத்தாள்.

"பார்த்தேன்" என்றார் அசன் மைதீன்.

"கோர்ட்டுல வந்து சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

அந்த வார்த்தை அவரிடமிருந்து நல்ல மனதால் வரவில்லை. வராந்தா நாற்காலி, ஈரக் கோட்டு, பியூன், தேநீர், எல்லாம் சேர்ந்து அதை வெளியே தள்ளின. அவருக்கே அது தெரிந்தது. தெரிந்தும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்ப வேலைக்கு வாரோம்" என்றாள் இசக்கியம்மா. "அந்தாளு மட்டும் கரையில நிக்கக் கூடாது."

ஆட்கள் பின்னால் வர அசன் மைதீன் கரைமேல் ஏறினார். பெர்கின்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஒரு வருஷமாக அவனிடம் இங்கிலீஷிலேயே பேசி வந்தவர் இப்போது தமிழில் சொன்னார். "பெர்கின்ஸ், இந்த வேலை உம்ம கையில இருந்து எடுத்தாச்சு. கரையை விட்டு இறங்கும்."

"எந்த பாஷையில் பேசுகிறீர்கள்?" என்றான் அவன்.

"இங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புரிகிற பாஷையில்."

அவன் இறங்கவில்லை. போலீஸை அழைக்கவும் முடியாது, அவனைப் பிடித்துத் தள்ளவும் முடியாது. அசன் மைதீன் அவனை விட்டுவிட்டு மேஸ்திரியிடம் திரும்பி, வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பெர்கின்ஸ் நின்ற இடம் வந்ததும் வரிசை வளைந்து அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவன் ஒருவனை நிறுத்தினான். அந்த ஆள் நின்று, தரையைப் பார்த்துவிட்டு, மறுபடி நடந்தான். "மேஸ்திரி, தடி கொண்டா" என்று கத்தினான். "அந்த எசமான் சொல்லணும்" என்றான் சங்கிலிபூதத்தான். பெண்கள் சுமந்துபோன ஈர மண் அவன் பூட்ஸில் சொட்டியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாரும் ஒதுங்கவும் இல்லை. வெயில் ஏறும் வரை நட்டு வைத்த கல் மாதிரி நின்றான். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

அன்றைக்கு அசன் மைதீனுக்கு ஒரு வெறி இருந்தது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். ஆனால் உடைப்பு அடைக்கிற வேலையில் பெர்கின்ஸின் கை அவருக்கு வரவில்லை. தடி வரிசையை ஆற்றின் இழுப்புக்கு நேராகப் போட்டுவிட்டார். மறுநாள் மழையில் பாதி சரிந்து போயிற்று. "தொரை நின்னிருந்தா இது சரிஞ்சிருக்காது" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது கேட்டது. இசக்கியம்மா அந்த ஆளைப் பார்த்து, "அப்ப போயி அவன் பூட்ஸத் தொடச்சிவிடு" என்றாள். அசன் மைதீன் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையைச் சாய்த்து மறுபடி அடிக்கச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் உடைப்பு அடைபட்டு, தண்ணீர் கால்வாயில் திரும்பியது. நிலக்காரர்கள் பெரிய துரைக்கு மாலை கொண்டுபோனார்கள் என்று திருஞானசம்பந்தம் வந்து சொன்னார்.

தை பிறந்ததும் வழக்கு வந்தது. கோர்ட்டு வாசலில் கூட்டம். ஒரு வெள்ளைக்காரன் கூண்டில் நிற்பதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெர்கின்ஸுக்காக ஒரு பெரிய வக்கீல் வந்திருந்தார். அசன் மைதீன் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வக்கீல் எழுந்தார்.

"என் கட்சிக்காரர் உங்களை எப்போதாவது 'சார்' என்று கூப்பிட்டதுண்டா?"

"இல்லை."

"உங்களைக் கண்டால் எழுந்து நிற்பாரா?"

"நிற்க மாட்டார்."

"முசாபரி பங்களாவில் உங்களுக்கு அறை கிடைக்காமல் வராந்தாவில் படுத்தீர்களாமே?"

கோர்ட்டில் சிரிப்புச் சத்தம். அந்தக் கதையைப் பெர்கின்ஸ் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"படுக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன்."

"ஆக, என் கட்சிக்காரர் மேல் உங்களுக்குத் தீராத கோபம். அதைத் தீர்த்துக்கொள்ள இந்தக் கூலிக்காரியைப் பயன்படுத்துகிறீர்கள். சரிதானே?"

இல்லை என்று சொல்லச் சொல்லித்தான் சர்க்கார் வக்கீல் கண்ணைக் காட்டினார். அசன் மைதீன் பெர்கின்ஸைப் பார்த்தார். அவன் உதட்டோரத்தில் அந்த வராந்தாக் காலையின் சிரிப்பு.

"கோபம் உண்டு" என்றார். "இப்போதும் உண்டு. இவர் அவளை அடிக்காமல் இருந்திருந்தால் என் கோபத்தோடு நான் வீட்டில் இருந்திருப்பேன். இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் அடித்தார். முகத்தில் ஒன்று, கையில் ஒன்று, உட்கார்ந்த பிறகு ஒன்று. அதைப் பார்த்தது என் கோபம் இல்லை, என் கண்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

மாஜிஸ்திரேட் குற்றம் ருசுவாயிற்று என்றார். அன்றைக்குக் கோர்ட்டு கலையும் வரை காவலில் இருக்க வேண்டும் என்பது தண்டனை. அவ்வளவுதான். பெர்கின்ஸைக் கூண்டிலிருந்து இறக்கி மூலை பெஞ்சில், கள்ளச் சாராயக் கேஸில் பிடிபட்ட ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அசன் மைதீன் வெளியே வந்தார். ஒரு பெண்ணின் முகத்தைக் கிழித்ததற்குப் பகல் பொழுது ஒன்று பெஞ்சில் உட்கார்ந்தால் போதுமா? கூட்டம் கலைந்தது. இசக்கியம்மா மட்டும் போகவில்லை. கோர்ட்டு வாசற்படிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மூலை பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற கேஸ்கள் ஒவ்வொன்றாக நடந்தன. அவள் சோறு தின்னவும் எழுந்திருக்கவில்லை. மாஜிஸ்திரேட் எழுந்து போய், பெர்கின்ஸ் வெளியே வந்து, அவளைத் தாண்டி நடந்தபோது அவன் முகம் சிவந்து கிடந்தது. அவள் நகரவில்லை. அவன்தான் சுற்றிக்கொண்டு போனான்.

இலாகா தன் தண்டனையையும் கொடுத்தது. அசன் மைதீனை வடக்கே ஒரியா நாட்டுப் பக்கம் கஞ்சம் ஜில்லாவின் மலைக்காய்ச்சல் பிரதேசத்துக்கு மாற்றினார்கள். அவர் இடத்தில் தற்காலிகமாக உட்காரப் பெர்கின்ஸுக்கு உத்தரவு வந்தது. திருஞானசம்பந்தம் அதை மேஜையில் வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், சார்" என்றார். "சொன்னீர்" என்றார் அசன் மைதீன். "இனிமேல் வேறு யாரிடமும் அதைச் சொல்லாதீர்." பெரிய கிளார்க் அவர் குரல் உயர்ந்து கேட்டது ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

புறப்படுவதற்கு முந்தின நாள் கால்வாய்க் கரை வழியாகப் போனார். வயல்களில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. இசக்கியம்மா ஒரு வரிசையில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். புருவத்தில் தழும்பு. கண் சரியாகத் திறக்கவில்லை. அவரைப் பார்த்து வரப்புக்கு வந்தாள்.

"கால்வாய் வேலைக்குக் கூப்பிடலையா?"

"கூப்பிட மாட்டான்னு தெரியும். அறுப்பு இருக்குல்லா, பாத்துக்கிடலாம். பூதத்தானும் போவலை. வேற ஊருல இருந்து ஆளு கொண்டாந்திருக்கான் அந்த வெள்ளக்காரன்." அரிவாளைப் புடவையில் துடைத்தாள். "ஒங்கள தூரமாத் தூக்கிப் போட்டுட்டாவளாமே?"

"ஆமா." பிறகு கேட்டார், "கோர்ட்டில் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, மனசு ஆறியதா?"

"இல்ல" என்றாள் அவள். "போதாது, எசமான்." சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிக் குனிந்தாள்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறியதும் அலிமா பீவி கேட்டாள். "அந்தப் பொம்பளையப் பாத்தியளா? என்ன சொன்னா?"

"போதாதுன்னு சொன்னா."

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றாள் அலிமா பீவி. அசன் மைதீன் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரயில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டிய பிறகும் அவர் தாடை இறுகியேதான் இருந்தது.